கதவு எண் சரி, தெரு தப்பு: விண்டோஸில் தங்கிவிட்ட ஒரு சுற்றுவழி

இன்னிக்கு விண்டோஸுக்குள்ள இன்னும் உயிரோட இருக்கிற ஒரு பழைய ஃபங்ஷனோட கதை. பேரு டபிள்யூஸ்பிரின்ட்எஃப். எண்ணையும் எழுத்தையும் சேர்த்து ஒரு வரியாக்கித் தரும், அவ்வளவுதான். அதே வேலைக்கு சி மொழியில் ஸ்பிரின்ட்எஃப் ஏற்கெனவே இருந்தது. அப்புறம் எதுக்கு மைக்ரோசாஃப்ட் இன்னொன்றைச் செய்யணும்?

பதில் 1978-ல் வந்த இன்டெல் 8086 ப்ராசசரில் இருக்கு. அதால் 1 எம்பி மெமரியைத் தொட முடியும். ஆனா ஒரு 16 பிட் முகவரி 64 கேபி வரைக்கும்தான் எட்டும். அதனால் மெமரியை செக்மென்ட்களாகப் பிரிச்சுப் பார்த்தாங்க. செக்மென்ட்டைத் தெருன்னு வச்சுக்கோங்க. முகவரி வெறும் கதவு எண். எந்தத் தெரு என்பதை ப்ராசசர் தனியா வச்சிருக்கும்: டேட்டாவுக்கு டிஎஸ், ஸ்டாக்குக்கு எஸ்எஸ்.

ஒரு சின்ன ப்ரோகிராமில் டேட்டாவும் ஸ்டாக்கும் ஒரே தெருவில்தான் இருக்கும். அதுக்கான சி லைப்ரரி இதை நம்பியே எழுதப்பட்டிருந்தது. கதவு எண்ணைக் கொடுத்தால், நேரா டிஎஸ் தெருவில் போய்த் தட்டும்.

1985-ல் விண்டோஸ் 1.0 வந்தது. டாஸின் 640 கேபிக்குள் பல ப்ரோகிராம்கள் ஓடணும். அதனால் பொதுவான கோடை ஒரே பிரதியாக டிஎல்எல்லில் வச்சுப் பகிர்ந்துக்கிட்டாங்க. டிஎல்எல்லுக்குச் சொந்த டேட்டா உண்டு. சொந்த ஸ்டாக் கிடையாது. கூப்பிட்ட ப்ரோகிராமோட ஸ்டாக்கில்தான் வேலை பார்க்கும். ஆக, டிஎஸ் ஒரு தெரு, எஸ்எஸ் வேற தெரு.

இப்போ டிஎல்எல் தன்னோட லோக்கல் வேரியபிளை சி லைப்ரரிக்குக் கொடுத்தால்? அது இருப்பது ஸ்டாக் தெருவில். லைப்ரரி டேட்டா தெருவில் அதே எண்ணைத் தட்டும். அங்கேயும் ஒரு வீடு இருக்கும், வேற யாரோ குடியிருப்பாங்க. 8086-ல் தடுக்க ஆளில்லை. எரர் எதுவும் வராது. சம்பந்தமில்லாத இடத்தில் சத்தமில்லாம எழுதிட்டுப் போயிடும்.

ப்ரோகிராமர்கள் சுற்றுவழி தேடினாங்க. லோக்கல் வேரியபிளை ஸ்டாட்டிக் ஆக்கினாங்க. அது டேட்டா தெருவுக்கே குடிவந்துடும். இல்லைன்னா தெருப் பேரையும் சேர்த்துச் சொல்லும் ஃபார் பாயின்டரைப் பிடிச்சாங்க. அப்படிப்பட்ட பாயின்டரை வாங்கும் எல்ஸ்டர்காப்பி, எல்ஸ்டர்லென் போன்றவற்றை விண்டோஸே கொடுத்தது. 1990-ல் விண்டோஸ் 3.0-வோட டபிள்யூஸ்பிரின்ட்எஃப்பும் சேர்ந்தது. அதிலும் ஒரு கண்ணி இருந்தது: எழுத்துச் சரத்தைக் கொடுக்கும்போது ஃபார் பாயின்டர்னு நாமே மாத்திக் கொடுக்கணும். மறந்தால் பழைய சிக்கல் திரும்பிடும்.

பிறகு 1993-ல் விண்டோஸ் என்டி, 1995-ல் விண்டோஸ் 95. 32 பிட் ப்ரோகிராம்களுக்குத் தெருக்கள் போய், எல்லாம் ஒரே நீண்ட சாலை ஆச்சு. சிக்கல் தீர்ந்தது. சுற்றுவழி மட்டும் போகலை. அதுக்குள்ள எத்தனையோ ப்ரோகிராம்கள் அந்தப் பேர்களைக் கூப்பிட ஆரம்பிச்சிருந்தன. எடுத்தால் அவை எல்லாம் உடையும்.

இதுக்கு விலையும் உண்டு. டபிள்யூஸ்பிரின்ட்எஃப்புக்குத் தசம எண் தெரியாது. அதிகபட்சம் 1024 பைட்தான் எழுதும். ஆனா நீங்க கொடுத்த இடம் 100 பைட்டா, 1000 பைட்டான்னு அது கேட்கவே கேட்காது. அன்னிக்கு அது சாதாரணம். இன்னிக்கு அது பாதுகாப்பு ஓட்டை. இதைத் தவிர்த்து, இடத்தின் அளவைக் கேட்கும் புது ஃபங்ஷன்களைப் பயன்படுத்துங்கன்னு மைக்ரோசாஃப்ட்டோட ஆவணமே சொல்லுது.

அன்னிக்கு அதை எழுதினவங்களை நான் குறை சொல்லமாட்டேன். கையில் இருந்த சிப்புக்கு அதுதான் வழி. ஆனா உங்க டீமில் யாராவது "இது தற்காலிகம்தான்"னு ஒரு ஃபங்ஷனை வெளியே எல்லாரும் கூப்பிடற மாதிரி திறந்து வச்சால், இந்தக் கதையைச் சொல்லுங்க. உள்ளே மறைஞ்சிருக்கிற சுற்றுவழியை எப்போ வேணா அழிக்கலாம். அடுத்தவங்க நம்பிக் கூப்பிட்டதை அழிக்கிறது உங்க கையில் இல்லை.