ஓய்வு பெறும் ஆண்டை வரிச் சட்டம் கண்டுகொள்ளாத கதை

1857 கிளர்ச்சியால் காலியான கஜானாவை நிரப்ப 1860-இல் அன்றைய நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் வருமான வரியைக் கொண்டுவந்தார். அதை வெளிப்படையாக எதிர்த்த மதராஸ் கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் பதவியையே இழந்தார். விட்டுவிட்டு வசூலான அந்த வரி 1886 சட்டத்தில்தான் வேர்பிடித்தது. சம்பளமும் ஓய்வூதியமும் ஒரே இனம் என்று அந்தச் சட்டம் வகுத்தது. அரசு தரும் பணமானால் கொடுக்கும்போதே வரியைப் பிடித்துக்கொண்டது. 1922, 1961 சட்டங்களும் அதே தடத்தில் நடந்தன. ஓய்வூதியம் யாருடைய தயவும் அல்ல, செய்த பணிக்கான உரிமை என்று 1982-இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த வகைப்பாட்டோடு பொருந்திப்போகிறது. ஆனால் இரண்டும் ஒரே இனம் என்று ஒப்புக்கொண்ட சட்டம், இரண்டும் சேர்ந்து வரும் அந்த ஒரே ஆண்டுக்கு ஒரே கணக்கு வைக்க ஏற்பாடு செய்யவில்லை. ஓய்வுபெற்றவர்களின் முதல் ஆண்டுச் சிக்கலுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

மொத்தமாக வரும் பணத்தைச் சட்டம் அக்கறையோடு பாதுகாத்திருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. அரசு ஊழியரின் பணிக்கொடை, ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தமாகப் பெறும் கம்யூட்டேஷன், ஓய்வின்போது பெறும் விடுப்புப் பணம் மூன்றுக்கும் முழு விலக்கு உண்டு. தனியார் ஊழியரின் பணிக்கொடை விலக்கு 2010-இல் 10 லட்சமாகவும் 2018-இல் 20 லட்சமாகவும் உயர்ந்தது. விடுப்புப் பணத்துக்கான 3 லட்ச வரம்புதான் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்து, 2023-இல் ஒரேயடியாக 25 லட்சமானது. அந்த இடைக்காலத்தில் ஓய்வுபெற்ற தனியார் ஊழியர்களுக்கு நேர்ந்தது அநீதி என்றே சொல்வேன். வயதுக் கணக்கிலும் இதே தாமதம்தான். மத்திய அரசு ஊழியர்கள் 1998 வரை 58 வயதில் ஓய்வுபெற்றார்கள். வரிச் சலுகைக்கான மூத்த குடிமகன் வயதோ 65-ஆக இருந்து, 2011-இல்தான் 60-க்கு இறங்கியது.

மாதாமாதம் வரும் பணத்தின் கதை வேறு. நிதியாண்டு 1867 முதல் ஏப்ரலில் தொடங்குகிறது. ஓய்வோ பிறந்த மாதத்தைப் பொறுத்தது. ஆகஸ்ட் 31 அன்று ஓய்வுபெறும் உயர் அதிகாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 1.8 லட்சம் வீதம் ஐந்து மாதச் சம்பளம் 9 லட்சம். 90,000 வீதம் ஏழு மாத ஓய்வூதியம் 6.3 லட்சம். 2025-26-இன் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால், சம்பளம் தரும் அலுவலகமும் ஓய்வூதியம் தரும் வங்கியும் தத்தம் பங்கை மட்டும் பார்த்தால் இரண்டுமே ஒரு ரூபாய்கூடப் பிடிக்காது. 75,000 நிலையான கழிவையும் ஆளுக்கொரு முறை கழித்திருக்கும். கூட்டிப் பார்த்தால் வருமானம் 15.3 லட்சம், கழிவு ஒருமுறைதான், செஸ்ஸோடு வரி 1,02,180 ரூபாய். ஓய்வுப் பணத்தை டெபாசிட்டில் போட்டதற்கான வட்டி இதில் சேரவில்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்ய உட்காரும் ஜூலையில்தான் அவருக்கு இந்தத் தொகையே தெரியவரும்.

முந்தைய சம்பள விவரத்தை அவரே வங்கியிடம் கொடுத்திருக்கலாமே என்பார்கள். அந்த வசதி வேலை மாறுபவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதுவும் ‘கொடுக்கலாம்’ என்ற அளவில்தான். மாதச் சம்பளத்தில் வரி தானாகவே போய்க்கொண்டிருந்த முப்பது ஆண்டுப் பழக்கம் உள்ளவருக்கு அப்படியொரு படிவம் இருப்பதே தெரியாமல் போவது இயல்பு. தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு அட்வான்ஸ் டாக்ஸ் வேண்டாம் என்று 2012-இல் விலக்களித்தார்களே என்றும் கேட்கலாம். அது அபராத வட்டியைக் குறைக்கிறது. வரித் தொகையை முன்கூட்டி அவருக்குத் தெரிவிப்பதில்லை. 58-இல் ஓய்வுபெறுபவருக்கு அந்த விலக்கும் இல்லை. எல்லாக் கணக்கையும் ஓரிடத்தில் சேர்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்பது கடைசி ஆட்சேபம். 75 வயதைத் தாண்டியவரின் ஓய்வூதியத்தையும் வட்டியையும் ஒரே வங்கி கூட்டிக் கணக்கிட்டு வரியைப் பிடித்துவிட்டால் அவர் ரிட்டர்னே தாக்கல் செய்ய வேண்டாம் என்று 2021-இல் சட்டம் வந்துவிட்டது. கணக்கைச் சேர்க்க முடியும் என்று அரசே காட்டியிருக்கிறது. அந்த உதவி மிகவும் தேவைப்படுவது ஓய்வின் முதல் ஆண்டில். சட்டம் அதைக் கொடுத்திருப்பது பதினைந்து ஆண்டு கழித்து.