ஹெட் கேஸ்கெட்
வாகன இயந்திரத்தின் சிலிண்டர் பிளாக்கிற்கும் ஹெட்டிற்கும் இடையே அமர்ந்து, எரிப்பு வாயு, குளிர்நீர், எண்ணெய் ஆகிய மூன்றும் கலவாமல் அடைக்கும் தகடு. புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. காரின் 1.8 லிட்டர் மிட்சுபிஷி 4ஜி93 இயந்திரத்தில், வார்ப்பிரும்புப் பிளாக்கைவிட அலுமினிய ஹெட் வெப்பத்தால் ஏறத்தாழ இருமடங்கு விரிவதால், டர்போ பொருத்தி மறுகட்டும்போது அவ்விரிவு வேறுபாட்டால் எழும் உரசலைத் தாங்கவல்ல பல அடுக்கு எஃகுத் தகடே ஏற்றது. எனினும் இணையும் இரு பரப்புகளும் மிக மழமழப்பாகச் சீவப்படாவிடில் அதுவும் கசியும். 81 மி.மீ. உருளைத் துளைக்குத் தகட்டின் துளை சற்றே பெரிதாக இருத்தல் வேண்டும்; இல்லையேல் எரியறைக்குள் நீளும் விளிம்பு செஞ்சூடேறி, தீப்பொறிக்கு முன்பே எரிபொருளைப் பற்றவைக்கும். தடிப்பை 0.4 மி.மீ. கூட்டினால் 10.5 : 1 என்னும் அழுத்த விகிதம் ஏறத்தாழ 10.1 : 1 ஆகத் தாழும், ஆயினும் பிஸ்டனுக்கும் ஹெட்டிற்கும் இடையிலான நெருக்கம் குலைந்து எரிகலவையின் சுழற்சி குன்றுவதால், விகிதத்தைக் குறைக்கத் தடித்த தகட்டை நாடுவதைவிடப் பிஸ்டனை மாற்றுவதே முறையான வழியாகும்.