ஒன்றரை நிமிடமும் ஒன்றரை மணி நேரமும்: ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் பிரத்தியேக வகுப்பும் கணிதப் போட்டியும்

முன்னுரை

பேரா மாநிலத்தின் பாகான் டத்தோ மாவட்டத்தில் உள்ள ஹுத்தான் மெலிந்தாங்கைச் சுற்றி வாழும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் தோட்டத் தொழிலாளர் வழிவந்தவர்கள். அரசுத் தேர்வின் வாசல் எங்கிருந்ததோ, அங்கேதான் இவர்களுக்கான பிரத்தியேக வகுப்பும் வளர்ந்தது. அந்த வகுப்பு பிள்ளைகளைக் கரையேற்றியது. ஆனால், கணிதப் போட்டிக்குத் தேவையான நிதானத்தைத் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தோட்டப் பள்ளி முதல் டியூஷன் வரை

இவ்வட்டாரத்தின் ஜெண்டராத்தா தோட்டம் 1906-இல் டென்மார்க் நாட்டுப் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகளில் எழுத்தும் எண்ணும் கற்ற பிள்ளை, பெரும்பாலும் பெற்றோரைப் போலவே பால்மரக் காட்டுக்குத் திரும்பியது.

1988-இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். வந்தபின் ஆறாம் ஆண்டுக் கணிதத் தாள் குடும்பத்தின் கவலையானது. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது, தமிழில் படித்த பெற்றோரால் வீட்டுப்பாடத்தில்கூடக் கைகொடுக்க முடியவில்லை. பணம் உள்ளவர்கள் டியூஷனை நாடினார்கள். இல்லாதவர்களுக்குச் சமூக அமைப்புகளே துணை நின்றன. அவற்றுள் முன்னோடியானது டாக்டர் தம்பிராஜா தலைமையில் 1982-இல் தோன்றிய ஸ்ரீ முருகன் நிலையம். இந்திய மாணவர்களைப் பல்கலைக்கழகம்வரை கொண்டுசேர்ப்பதை அது இயக்கமாகவே நடத்தியது. இந்தப் பணியின் பெருமையை எவரும் குறைத்துப் பேச முடியாது.

மூன்று வேகங்கள்

1993-இல் மலேசியாவில் தொடங்கிய யூசிமாஸ் நிறுவனத்தின் மணிச்சட்டப் போட்டியில் 8 நிமிடத்தில் 200 கணக்குகள், ஒன்றுக்கு 2.4 விநாடி. யு.பி.எஸ்.ஆர். கணித முதல் தாளில் ஒரு மணி நேரத்தில் 40 கேள்விகள் இருந்தன. ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். மலேசியா 1995 முதல் பங்கேற்கும் அனைத்துலகக் கணித ஒலிம்பியாட்டிலோ இரண்டு நாளில், 9 மணி நேரத்தில் ஆறே கேள்விகள். ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம்.

முதல் இரண்டுக்கும் பயிற்சித்தாள் போதும். மூன்றாவதற்கு வழி தெரியாத நிலையிலும் கணக்கைக் கைவிடாத மனம் வேண்டும். ஓர் எளிய சான்று: 1 முதல் 100 வரை எழுதினால் 7 என்ற இலக்கம் எத்தனை முறை வரும்? பத்தொன்பது என்று சொல்லும் பிள்ளை, 77-இல் அது இரண்டு முறை வருவதைத் தவறவிட்டிருக்கும். ஒன்றுகளின் இடத்தில் பத்து, பத்துகளின் இடத்தில் பத்து என்று பிரித்துப் பார்க்கும் பிள்ளை இருபது என்பதைக் கண்டுகொள்ளும். 1 முதல் 1000 வரை என்றாலும் மிரளாது.

முடிவுரை

2021-இல் யு.பி.எஸ்.ஆர். அகற்றப்பட்டதால் அதன் வேகத்துக்குப் பிள்ளைகளைப் பழக்க வேண்டிய தேவை இல்லை. தேசியக் கணித ஒலிம்பியாட் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கானது. ஆகவே தமிழ்ப்பள்ளியின் ஆறு ஆண்டுகள் அதற்கான அடித்தளமாக முடியும். வாரம் ஒரு கணக்கு, நேரக் கட்டுப்பாடின்றி, பிள்ளையே தன் வழியை விளக்கும்படி நடத்தலாம். அதற்குக் கரும்பலகையும் பொறுமையான ஆசிரியரும் போதும். கட்டணம் கட்ட முடியாத தோட்டப்புறப் பிள்ளைக்கும் இந்த வாய்ப்பைத் தருவதே பிரத்தியேக வகுப்பின் அடுத்த கடமை.