காசு கொடுத்து வாங்கிய வெயில்

பள்ளிக்கூடம் படிக்கும் மகளை விளக்குப் பெட்டிக்குள் படுக்கவைத்துத் தோலைக் கறுப்பாக்கக் காசு கொடுத்த அமெரிக்கப் பெற்றோரைத் திட்டுவது சுலபம். அந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்கள் மருத்துவர்கள் என்பதைத்தான் எங்கள் தோல் சிகிச்சைத் துறைக்காரர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

முதல் உலகப் போர் முடிந்த நேரம், பெர்லின். சாப்பாடும் போதவில்லை, வெயிலும் போதவில்லை. கால் வளைந்த குழந்தைகள் நிறைய. கூர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் கண்ட நான்கு குழந்தைகளுக்குப் பாதரச குவார்ட்ஸ் விளக்கின் ஒளியைக் காட்டினார். எலும்பில் சுண்ணாம்புச் சத்து ஏறுவது எக்ஸ்ரேயில் தெரிந்தது. ஒரு கையில் மட்டும் ஒளி பட்டாலும் இரண்டு கை எலும்பும் தேறின! 1919இல் அதை எழுதி வெளியிட்டார். அதற்கு முன்பே கோபன்ஹேகனில் நீல்ஸ் ஃபின்சன் தோல் காசநோயை ஒளியால் ஆற்றி, 1903இல் நோபல் பரிசு வாங்கியிருந்தார். அப்புறம் கேட்க வேண்டுமா? அந்தக் கால ஐரோப்பிய மருத்துவமனைப் படங்களில் ஜட்டி மட்டும் போட்ட குழந்தைகள் கறுப்புக் கண்ணாடியோடு விளக்கைச் சுற்றி வட்டமாக நிற்பார்கள். வசதியான வீடுகளில் விளக்கையே வாங்கி வைத்தார்கள். பொறுப்பான பெற்றோர் செய்யும் செலவு அது.

1930களில் அமெரிக்காவில் ரிக்கெட்ஸைத் தடுக்கும் வைட்டமின் டியைப் பாலிலேயே சேர்க்க ஆரம்பித்தார்கள். விளக்கின் தேவை போயிற்று. கறுத்த தோல்தான் ஆரோக்கியம் என்ற நினைப்பு போகவில்லை. 1923இல் கோகோ ஷனேல் படகில் போய்க் கறுத்துத் திரும்பியதுதான் மோகத்தைக் கிளப்பியது என்று ஒரு கதை உண்டு. ஒரு பெண்மணியால் ஒரு கண்டத்தின் ரசனையே புரண்டது என்பதை நான் முழுசாக நம்பவில்லை. ஆலைக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் அடைபட்டவர்கள் நடுவே, கறுத்த தோல் கடற்கரைக்கு லீவு போட்டுப் போகும் வசதிக்குச் சாட்சி சொன்னது.

1970களில் ஃபிரெட்ரிக் வோல்ஃப் என்ற ஜெர்மானியர் படுக்கை வடிவில் புற ஊதா விளக்குகளை அமைத்தார்; 1978இல் அவை அமெரிக்காவுக்கு வந்தன. யுவிஏ கதிர் மிகுந்த குழாய்கள், தோல் அவ்வளவாகப் பொசுங்காமல் கறுக்கும். பொசுங்கவில்லை என்றால் ஆபத்தில்லை என்று விற்றார்கள். எங்கள் தோல் பிரிவில் சொரியாசிஸுக்கும் வெண்புள்ளிக்கும் ‘லைட்’ கொடுக்கிறோம். போன தடவை எவ்வளவு நேரம், தோல் சிவந்ததா என்று நோட்டைப் பார்க்காமல் நான் பொத்தானைத் தொட மாட்டேன். அமெரிக்காவிலோ ப்ராம் என்ற பள்ளி நடன விருந்து வருகிறது என்று பெண்கள் மாதச் சந்தா கட்டிப் படுத்துக்கொண்டார்கள்.

முதலில் வந்த சட்டங்கள் பெற்றோரையே காவலுக்கு வைத்தன. கலிஃபோர்னியாவில் 14 முதல் 17 வயது வரை பெற்றோர் சம்மதம் இருந்தால் போதும் என்றிருந்தது. சம்மதம் கேட்டது யாரிடம்? பல வீடுகளில் சந்தா கட்டுகிறவரிடமே! முதல் தடவை அம்மாவோடு போன பெண்கள்தான் பிற்பாடு அடிக்கடி போகிறவர்களாக இருந்தார்கள் என்று 2010இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அதற்கு முந்தைய வருஷமே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் படுக்கைகளைப் புகையிலை, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் சேர்த்திருந்தது.

ஆஸ்திரேலியாவில் கிளேர் ஆலிவர் என்ற இளம்பெண், மெலனோமா என்ற தோல் புற்றுநோயால் சாகும் தறுவாயில் இந்தப் படுக்கைகளைப் பற்றி ஊரறியப் பேசினார். 2007இல் இறந்தபோது வயது 26. அவருடைய விக்டோரியா மாநிலம் முதலில் 18 வயதுக்குக் கீழே தடை போட்டது. 2015 ஜனவரி 1 முதல் அந்தக் கடைகளே கூடாது என்றது. பிரேசில் 2009லேயே அழகுக்கான படுக்கைகளை முற்றாகத் தடுத்துவிட்டது. கலிஃபோர்னியாவில் 2012 முதல் பெற்றோர் சம்மதித்தாலும் 18 வயது ஆகாதவர்களை உள்ளே விடக்கூடாது. அமெரிக்க மாநிலங்களில் அதுதான் முதல். சம்மதச் சீட்டு இன்னமும் செல்லுபடியாகும் மாநிலங்கள் சில உண்டு. காசு தர மாட்டேன் என்று மகளிடம் சொல்கிற வேலை அங்கெல்லாம் வீட்டாருடையதுதான்.