உரையாடல் பெட்டி (வலை இடைமுகம்)

வலைப்பக்கத்தின் மேல் எழும்பி, பதில் கிடைக்கும்வரை பின்னணியை முடக்கி வைக்கும் சிறு சாளரம். தேசியத் தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் கட்டமைப்பில் இயங்கும் காஞ்சிபுரம் முதலான மாவட்ட இணையதளங்களில், வெளித்தள இணைப்பைத் தொட்டதும் எச்சரித்து ஒப்புதல் கேட்கும் பெட்டி இவ்வகையே.

நெடுநாள் இத்தகைய பெட்டிகளை வெறும் 'டிவ்' உறுப்பாலும், எது மேலே நிற்கும் என்று தீர்மானிக்கும் இசட்-இன்டெக்ஸ் எண்ணாலும் ஒப்பேற்றினார்கள். 9999 கொடுத்தும் மெனு மேலே வந்து நிற்கும். டேப் விசையை அழுத்தினால் விசைப்பலகைக் குவியம் பெட்டிக்குப் பின்னாலிருக்கும் இணைப்புகளுக்கு நழுவும். திரைவாசிப்பானை நம்பியிருப்பவருக்குப் பெட்டி திறந்ததே தெரியாது.

எச்டிஎம்எல்லின் 'டயலாக்' உறுப்பு குரோமில் 2014இலேயே வந்தும், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி இரண்டிலும் 2022 மார்ச்சில்தான் வந்தது. 'ஷோமோடல்' கட்டளை பெட்டியை உலாவியின் உச்ச அடுக்கில் வைக்கிறது. அங்கே இசட்-இன்டெக்ஸ் போட்டிக்கு இடமில்லை. பின்னணி செயலிழக்கும், எஸ்கேப் விசை மூடும், மூடியதும் குவியம் பெட்டியைத் திறந்த பொத்தானுக்கே திரும்பும். திரைவாசிப்பான் படிக்கும் பெயரைப் பெட்டிக்குச் சூட்டுவது மட்டும் நிரலாளர் பொறுப்பு.

பின்னணியை முடக்கத் தேவையில்லாத மெனு, குறிப்புகளுக்கு எச்டிஎம்எல்லின் 'பாப்ஓவர்' பண்பு போதும். வெளியே தொட்டாலே மூடிக்கொள்ளும். எந்த முறையில் அமைத்தாலும், தமிழில் பொத்தான் பெயர்கள் நீளமானவை. நிலையான அகலம் வைத்தால் கைபேசியில் 'ரத்துசெய்' பாதியில் வெட்டுப்படும்.