வாகனக் கொட்டகைகளில் தீப்பாதுகாப்பு

வாகனக் கொட்டகைகளில் தீப்பாதுகாப்பு என்பது தானுந்து (கார்), விசையுந்து (பைக்), சரக்குந்து (லாரி) முதலிய வாகனங்கள் நிறுத்தப்படும் இடங்களில் தீ உண்டாகாமல் தடுப்பதற்கும், உண்டானால் உயிர்ச்சேதம் நேராமல் காப்பதற்கும் வகுக்கப்பட்ட விதிகளையும் நடைமுறைகளையும் குறிக்கும். வாகனக் கொட்டகை தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் "ஷெட்" எனப்படுகிறது. இலங்கையில் "கராஜ்" என்னும் சொல் பெரும்பாலும் பழுதுபார்க்கும் பட்டறையைக் குறிக்கும். இவ்விதிகளுக்கு அடிப்படையான கருத்துகள் இரண்டு. எரிபொருள் உள்ள இடத்திற்கும் மனிதர் உறங்கும் இடத்திற்கும் இடையே தடுப்பு இருத்தல் வேண்டும். மனிதர் வெளியேறும் வழி வாகனம் நிற்கும் இடத்தின் ஊடாகச் செல்லுதல் கூடாது.

தீ உண்டாகும் முறை

பெட்ரோல் திரவ நிலையில் எரிவதில்லை. அதன் ஆவியே எரிகிறது. ஏறத்தாழ −40 பாகை செல்சியசு வெப்பநிலையிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை அது வெளியிடும். ஆகவே தமிழ்நாட்டின் எந்தப் பருவத்திலும் திறந்த பெட்ரோல் கலம் ஆபத்தானதே. இவ்வாவி காற்றைவிட மூன்று முதல் நான்கு மடங்கு கனமானது. அது மேலெழுந்து கலையாமல் தரையோடு பரவிப் பள்ளங்களிலும் நிலத்தடித் தளங்களிலும் தேங்கும். அறையின் மறுகோடியில் உள்ள விளக்கோ அடுப்போ அதனைப் பற்றவைக்கப் போதுமானது. நீர்மப் பெட்ரோலிய வளியும் (எல்பிஜி) இவ்வாறே தாழ்ந்து தேங்கும். அழுத்தப்பட்ட இயற்கை வளி (சிஎன்ஜி) காற்றைவிட இலேசானதாகையால் கூரையடியில் சேரும். எனவே கொட்டகைக்குத் தரையருகிலும் கூரையருகிலும் காற்றுவழிகள் தேவை.

நிறுத்தி வைக்கப்பட்ட வாகனத்தில் தீ உண்டாவதற்குப் பின்வருவன பொதுவான காரணங்களாகும்.

* எலி கடித்த அல்லது தேய்ந்த மின்கம்பிகளால் ஏற்படும் மின்கசிவு
* எரிபொருட் குழாய்க் கசிவு
* முறையற்ற கூடுதல் விளக்கு, ஒலிபெருக்கி இணைப்புகள்
* சூடான புகைபோக்கிக் குழாயின் கீழ் காய்ந்த புல், வைக்கோல், சருகு
* கொசுவர்த்தி, அகல்விளக்கு, புகைபிடித்து எறிந்த துண்டு

தனியார் கொட்டகைகள்

இந்தியாவில் பெட்ரோலைச் சேமிப்பதை 1934 ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. எனினும் அதன் கலம் இறுக மூடப்பட்டிருத்தல் வேண்டும். கண்ணாடி அல்லது பீங்கான் கலமாயின் ஒரு லிட்டரையும், உலோகக் கலமாயின் 25 லிட்டரையும் மிகுதல் கூடாது. வாகன உரிமையாளர் தம் வாகனத் தொட்டியில் உள்ளதற்கு மேலும் சிறிதளவு எரிபொருள் வைத்திருக்கச் சட்டம் இடமளிக்கிறது. அவ்வளவு 30 லிட்டரை மிகுந்தால், மனிதர் வசிக்கின்ற, வேலை செய்கின்ற அல்லது கூடுகின்ற எந்த அறையோடும் தொடர்பில்லாத தனி இடத்தில் அதனை வைத்தல் வேண்டும்.

இதே கருத்து பிற நாட்டு விதிகளிலும் காணப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் பின்பற்றப்படும் மாதிரிக் குடியிருப்பு விதித்தொகுப்பின்படி கொட்டகையிலிருந்து படுக்கையறைக்கு நேரே கதவு வைத்தல் கூடாது. தீப்பொறி உண்டாக்கக்கூடிய கருவிகளைக் கொட்டகைத் தரையிலிருந்து 18 அங்குல உயரத்திற்கு மேல் பொருத்துதல் வேண்டும். பெட்ரோல் ஆவி தரையோடு பரவும் என்பதே இவ்வுயர வரையறையின் காரணமாகும்.

வீட்டுக் கொட்டகைகளுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் நடைமுறைகள்:

* கொட்டகைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட சுவர் செங்கல் அல்லது கற்காரைச் சுவராகவும், கதவு தானே மூடிக்கொள்வதாகவும் இருத்தல்.
* கீற்று, வைக்கோல் கூரைகளின் கீழ் வாகனம் நிறுத்தாதிருத்தல்.
* விறகு, பழைய தாள், சாயம், மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் கொட்டகையில் சேர்த்து வைக்காதிருத்தல்.
* நெகிழிப் புட்டிகளில் பெட்ரோல் வாங்கி வைப்பதைத் தவிர்த்தல்.
* உலர்தூள் தீயணைப்பான் ஒன்றைக் கதவருகே, தீயைக் கடக்காமல் எடுக்கக்கூடிய இடத்தில் மாட்டுதல்.
* ஆயுத பூசையன்று வாகனத்தை வெளியே நிறுத்திச் சூடம் ஏற்றுதல்.

பொதுக் கொட்டகைகள்

இந்தியத் தர நிறுவனம் வெளியிட்ட 2016 ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வாகனக் கொட்டகைகளைச் சேமிப்புக் கட்டடங்கள் என்னும் வகையில் சேர்க்கிறது. அதன் நான்காம் பகுதி தீப்பாதுகாப்பு பற்றியது. இத்தொகுப்பு தானாகவே சட்டமாகாது. மாநில, உள்ளாட்சி விதிகள் ஏற்கும் அளவிலேயே கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டில் கட்டட அனுமதிகளுக்கு 2019 ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொருந்தும்.

நிலத்தடி நிறுத்தகங்களில் தீயைவிடப் புகையே முதலில் உயிரைப் பறிக்கும். ஆதலால் அங்குள்ள மாடிப்படி தீத்தாங்கும் சுவரால் அடைக்கப்பட்டு, கட்டடத்தின் ஓரத்தில் அமைந்து, தரைமட்டத்தில் திறந்த வெளியிலிருந்தே நுழையத்தக்கதாக இருத்தல் வேண்டும் என விதித்தொகுப்பு கூறுகிறது. கீழ்த்தளப் புகை மேல்மாடிகளுக்கு ஏறாதிருக்கவே இவ்வேற்பாடு. தீ ஏற்படும்போது இயந்திரக் காற்றோட்டம் மணிக்கு 12 முறை உட்காற்றை மாற்றும் திறனுடையதாக இருத்தல் வேண்டும்.

தானியங்கி நீர்த்தூவிகளின் தேவையை இங்கிலாந்தில் நிகழ்ந்த இரு விபத்துகள் காட்டின. 2017 திசம்பர் 31 அன்று லிவர்பூல் நகரின் பலமாடி நிறுத்தகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தானுந்துகள் எரிந்தன. 2023 அக்டோபர் 10 அன்று இலூட்டன் வானூர்தி நிலைய நிறுத்தகத்தில் ஒரு டீசல் தானுந்தில் தோன்றிய தீ 1,400க்கும் மேற்பட்ட வாகனங்களை அழித்ததோடு கட்டடத்தின் ஒரு பகுதியையும் இடித்தது. இரு கட்டடங்களிலும் நீர்த்தூவிகள் இல்லை.

திறந்தவெளி நிறுத்தங்கள்

கூரையில்லாத இடம் பாதுகாப்பானது என்னும் எண்ணம் தவறானது. 2019 பெப்ரவரி 23 அன்று பெங்களூரு எலகங்கா வான்படைத் தளத்தில் வானூர்திக் கண்காட்சி நடந்தபோது, வாகன நிறுத்தத்தில் காய்ந்த புல் வழியாகப் பரவிய தீயில் ஏறத்தாழ 300 தானுந்துகள் எரிந்தன. மறுநாள் சென்னை போரூரில் வாடகைத் தானுந்துகள் நிறுத்தப்பட்டிருந்த வெளியில் ஏறத்தாழ 200 தானுந்துகள் எரிந்தன. புல்லை வெட்டி அகற்றுதல், வரிசைகளுக்கு இடையே தீயணைப்பு ஊர்தி செல்லும் அகலத்திற்கு இடைவெளி விடுதல் ஆகிய இரண்டும் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை.

மின்வாகனங்கள்

இலித்தியம் மின்கலத்தில் ஒரு கலத்தின் மிகைவெப்பம் அடுத்த கலத்தையும் பற்றச் செய்யும். இத்தொடர்வினை நச்சுப் புகையை வெளியிடும். அணைந்தபின் பல மணி நேரம் கழித்தும் மீண்டும் தீப்பற்றலாம். 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் மின்னேற்றம் செய்யப்பட்ட மின்விசையுந்து தீப்பற்றியதில், அவ்வீட்டில் இருந்த தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று செகந்திராபாத்தில் ஒரு தங்கும் விடுதியின் அடியில் இருந்த மின்விசையுந்து விற்பனையகத்தில் தீப்பற்றி, மேல்மாடிகளுக்கு ஏறிய புகையால் எட்டுப் பேர் இறந்தனர்.

இத்தகைய விபத்துகளைத் தொடர்ந்து இந்திய அரசு மின்கலப் பாதுகாப்புத் தரங்களைத் திருத்தி, 2022 திசம்பர் 1 முதலும் 2023 மார்ச்சு 31 முதலும் இரு கட்டங்களாக நடைமுறைப்படுத்தியது. ஆயினும் மின்னேற்றும் இடத்தைத் தேர்வது உரிமையாளரையே சார்ந்தது. வாசற்படி, கூடம், மாடிப்படியின் அடிப்பகுதி ஆகியவை மின்னேற்றத்திற்கு உகந்தவை அல்ல; ஏனெனில் அவையே வெளியேறும் வழிகள். அனைவரும் உறங்கும் நேரத்தில் மின்னேற்றுவதையும், நிறுவனம் தந்ததல்லாத மின்னேற்றியைப் பயன்படுத்துவதையும் தவிர்த்தல் வேண்டும்.

பண்ருட்டி, நெய்வேலி வட்டாரம்

கடலூர் மாவட்டத்தின் பண்ருட்டி, பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர்பெற்றது. முந்திரிக் கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் எளிதில் எரியும். அதனால் ஓடுகள் எரிபொருளாகவும் விற்கப்படுகின்றன. ஓட்டு மூட்டைகளையும் வாகனங்களையும் ஒரே கொட்டகையில் வைப்பது ஆபத்தானது. முந்திரித் தோப்புகளில் வாகனம் நிறுத்துவோர் காய்ந்த சருகுகளைத் தவிர்த்து வெற்றுத்தரையில் நிறுத்துதல் நன்று.

அருகிலுள்ள நெய்வேலியில் 1956 இல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனம் பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்கிறது. குவித்து வைத்த பழுப்பு நிலக்கரி காற்றிலுள்ள ஆக்சிசனுடன் மெல்ல வினைபுரிந்து தானே சூடேறிப் பற்றக்கூடியது. ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்தாலும் இதே முறையில் தீப்பற்றலாம். சாயம் பூசும் பட்டறைகளில் இத்துணிகளை மூடியுள்ள உலோகத் தொட்டியில் இட்டு, அன்றாடம் அகற்றுதல் வேண்டும்.

நகரியத்தின் அகன்ற மனைகளில் கொட்டகையை வீட்டிலிருந்து விலக்கி அமைக்க இடமுண்டு. நெருக்கமான கடைவீதிகளில் அது அரிது. அங்கு இரண்டாவது வாயிலைப் பொருட்களால் அடைக்காமல் வைத்திருத்தலே முதன்மையான பாதுகாப்பாகும்.

தீ ஏற்பட்டால்

* முதலில் உறங்குவோரை எழுப்பி அனைவரையும் வெளியேற்றுதல்.
* 101 அல்லது 112 எண்ணில் தீயணைப்புத் துறையை அழைத்து, எரிவது மின்வாகனமா, வளியால் இயங்கும் வாகனமா எனத் தெரிவித்தல்.
* தீ சிறிதாகவும் பின்னால் வெளியேறும் வழி திறந்தும் இருந்தால் மட்டுமே அணைக்க முயலுதல்.
* எரியும் பெட்ரோல் மீது நீரை ஊற்றாதிருத்தல். அது மிதந்து பரவும். உலர்தூள், நுரை அல்லது மணலைப் பயன்படுத்துதல்.
* எரியும் வாகனத்தின் முன்மூடியை (பானெட்) முழுவதும் திறக்காதிருத்தல். உட்புகும் காற்று தீயை வளர்க்கும்.
* வாகனத்தை மீட்பதற்காகப் புகை நிறைந்த கொட்டகைக்குள் மீண்டும் நுழையாதிருத்தல்.

இவற்றையும் பார்க்க

* தீயணைப்பான்
* தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை
* இலித்தியம் அயனி மின்கலம்
* பழுப்பு நிலக்கரி