தறி வீடும் 174-ஆம் அறிக்கையும்

சேவூரில் பட்டு நெய்கிறவர்களுக்கு வீடுதான் பட்டறை. எங்கள் தாத்தா காலத்து வீட்டில் தறிக்குழி கூடத்திலேயே இருந்தது. அப்பா நெய்வார், தார் சுற்றுவதும், அறுந்த இழையை முடிவதும் நானும் தங்கையும். தம்பிகள் பள்ளிக்கூடம் போனார்கள். பங்குப் பேச்சு வந்தபோது மட்டும், “கட்டிக்கொடுத்தாச்சே, இன்னும் என்ன?” என்றார்கள்.

சட்டமும் அப்போது அவர்கள் பக்கம்தான் நின்றது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளை வாரிசு என்று ஒப்புக்கொண்டது. அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவோ, குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண்கள் பிரிக்கும்வரை பெண் பாகம் கேட்கக்கூடாது என்றது. நிலம் நீச்சு இல்லாத நெசவுக்காரனுக்கு வீட்டைவிட்டால் வேறென்ன சொத்து?

பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அறுபது வருஷம் கழித்து, கலைஞர் ஆட்சியில் பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே மகளுக்கும் பங்கு வந்தது. ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவளுக்கு இல்லை. எனக்கு 1987-இல் கல்யாணம், தங்கைக்கு 1991-இல். ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்கு இரண்டு நியாயம்!

இந்த ஓரவஞ்சனையைப் பிறகு தொட்டது இந்தியச் சட்ட ஆணையம். அது 1955-இல் செதல்வாட் தலைமையில் அமைந்தது. தனக்கென்று ஒரு சட்டம்கூட இல்லாத அமைப்பு. அரசு மூன்று வருஷத்துக்கொருமுறை அமைப்பது, பரிந்துரைக்க மட்டுமே முடியும். அப்படிப்பட்ட ஆணையம், நீதிபதி ஜீவன் ரெட்டி தலைமையில், யாரும் கேட்காமல் தானாகவே மகளின் பங்கு விஷயத்தைக் கையிலெடுத்தது. கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரச் சட்டங்களை அலசி, 2000 மே மாதம் 174-ஆம் அறிக்கையைக் கொடுத்தது. மசோதாவையும் எழுதியே கொடுத்தது. 23-ஆம் பிரிவை அடியோடு எடுக்கச் சொன்னது. அதற்காக அவர்களைக் கும்பிடலாம். ஆனால் ஏற்கெனவே கல்யாணமானவர்களை அதுவும் ஒதுக்கித்தான் வைத்தது. அந்தத் தயக்கத்தை நாடாளுமன்றம்தான் உடைத்தது. 2005 செப்டம்பர் 9 முதல், கல்யாணமானாலும் ஆகாவிட்டாலும் மகளுக்குச் சம பங்கு. அன்று அப்பா உயிரோடிருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது.

ஆனால் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையைத் தொட முடியாது. எங்கள் வீட்டுப் பத்திரம் 2003-இல் பதிவானது. தங்கை தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தாள். என்னை யாரும் கேட்கவேயில்லை.

உங்கள் வீட்டில் விடுதலைப் பத்திரம் எழுதினால், பெண்ணை உட்காரவைத்து முழுக்கப் படித்துக்காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.